பின்னால் வருகிறவர் பார்க்கும் விளக்கு

"உங்க வீட்ல இதுக்கு முன்னால யாராச்சும் காரு வச்சிருந்தாகளாம்மா?"

உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அவர் கோபமாகவோ கேலியாகவோ கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கம்பத்தில் எங்கள் பட்டறைக்குள் அவருடைய வண்டி நின்றிருந்தது. நான் டெஸ்ட் லைட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பின்பக்கம் குனிந்திருந்தேன்.

இல்லை என்றேன்.

"அப்பறம் எப்படிம்மா இதுல கை வைப்ப?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் முதலாளியின் பக்கம் திரும்பி, வேறு ஆள் இல்லையா என்று விசாரித்தார்.

தேனியில் நான் படித்த தொழிற்பயிற்சி நிலையத்தில் வாகன எலக்ட்ரிக்கல் பிரிவுக்கு இந்த வருடம் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக, என் வேலை அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள்தான் இதை எழுதுவார்கள். எனக்கு இருபத்தேழு வயது. வேலைக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. சாவகாசமாக உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஒயரை எப்படி இழுப்பது, ரிலேயை எங்கே வைப்பது என்பதையெல்லாம் உங்கள் ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள். நான் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன்.

ராவுத்தர் மலேசியாவில் முப்பது வருடம் கடை வைத்திருந்தவர். ஊருக்கே திரும்புவது என்று முடிவானபோது, தான் அங்கே ஓட்டிய வண்டியையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். மலைக்கு மேலே, கேரள எல்லைக்குள், வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வாங்கியிருந்தார். வாரத்தில் ஐந்து நாளாவது விடியலில் கம்பம் மெட்டு மலை ரோட்டில் ஏறிவிடுவார். மேலே மஞ்சு இறங்கிவிட்டால் வண்டியின் பின்பக்கம் யாருக்கும் தெரிவதில்லை. மஞ்சு என்பது மூடுபனிக்கு மலையாளத்துப் பெயர். தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற எங்கள் ஜீப் டிரைவர்கள் வாயிலும் அதுதான் வரும். இரண்டு தடவை ஜீப்புகள் முட்டுகிற மாதிரி வந்து நின்றிருக்கின்றன. வருடம் முழுக்க வெயிலும் மழையுமாக இருக்கிற ஊருக்காகச் செய்த வண்டி அது. பனியில் பின்னால் வருகிறவருக்குத் தெரிவதற்காகப் பளிச்சென்று எரிகிற சிவப்பு விளக்கு, பின் ஃபாக் லைட், அதற்கு வைக்கவே இல்லை. அதை வைத்துத் தர வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.

முதலாளி ஒளிக்காமல் சொன்னார். "ஒயரிங்குக்கு எங்ககிட்ட இந்தப் புள்ளதான். இது வேணாம்னா நீங்க மதுரைக்குத்தான் போகணும்."

மதுரைக்குப் போகிற அலுப்பில்தான் ராவுத்தர் சம்மதித்தார். என்மேல் நம்பிக்கை வந்து அல்ல. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது, உறைக்கவும் செய்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா சுருளிப்பட்டியிலிருந்து ஏலத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். அப்பா இருந்தவரை திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்தார். எங்கள் வீட்டில் கார் இருந்ததில்லை, சைக்கிளே பாதிக் காலம்தான் இருந்தது. ஆனால் ஒரு வண்டியின் ஒயரிங் படத்தை விரித்து வைத்தால், எந்த ஒயர் எங்கே போகிறது என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும். இதில் எனக்குப் பெருமை உண்டு. இப்போதும் உண்டு. அதை மறைத்து எழுதினால் நான் செய்த தவறு உங்களுக்குப் புரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த வண்டியின் கையேட்டைப் படித்தேன். ஆங்கிலத்தில் புரியாத இடங்களை ஃபோனில் தேடிப் பார்த்துக்கொண்டேன். திங்கட்கிழமை வேலையைத் தொடங்கினேன், புதன்கிழமை முடித்தேன். ஹெட்லைட் போட்டிருந்தால்தான் புது விளக்கு எரியும். ஸ்விட்ச், கம்பெனி ஸ்விட்ச் போலவே அதற்கென்று விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தது. டேஷ்போர்டில் அடையாள விளக்கு வந்தது. வண்டியின் கம்ப்யூட்டர் எந்தக் குறையும் காட்டவில்லை. இதுவரை எல்லாம் சரி.

எத்தனை விளக்கு, எங்கே வைப்பது என்பதில்தான் தவறினேன். டிரைவர் பக்கத்தில் ஒன்று வைத்தால் போதும் என்று நான் சொன்னேன். நிறைய வண்டிகளில் அப்படித்தான் இருக்கும். ராவுத்தர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒற்றைக்கண் வண்டியிலா நான் தோட்டத்துக்குப் போவது, இரண்டாக வை என்றார். சரி என்றேன். இரண்டையும் பம்பரின் கீழ் ஓரத்தில் வைத்திருக்கலாம். அங்கே வைத்தால் பிறகு ஒட்டவைத்தது மாதிரி தெரியும். நானோ கம்பெனியிலிருந்தே வந்தது மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பிரேக் லைட்டுக்கு நேர் கீழே, இரண்டு விரல் இடைவெளியில், பம்பரை அச்செடுத்தது போல வெட்டிப் பொருத்தினேன்.

ராவுத்தர் வண்டியைச் சுற்றி வந்தார். வெட்டிய விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"எங்கன வெட்டுனன்னே தெரியலயேம்மா" என்றார்.

பள்ளிக்கூடத்திலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் வாங்கிய எந்தச் சான்றிதழும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

இனி மலையில் உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். விடியலில் எங்கள் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாகக் கம்பம் மெட்டு ஏறும். மஞ்சு இறங்கிவிட்டால் ஜீப் டிரைவர்கள் ரோட்டைப் பார்த்து ஓட்டுவதில்லை. முன்னால் போகிற வண்டியின் சிவப்பைப் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். அது நின்றால் நிற்பார்கள், திரும்பினால் திரும்புவார்கள். அதனால் எந்த வண்டியின் பின்பக்கம் நன்றாகத் தெரிகிறதோ அந்த வண்டியை முன்னால் விட்டுவிட்டு, மற்றவர்கள் அதன் பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் மெட்டு ஏறுகிற எல்லாருக்கும் தெரியும்.

என் விளக்கு எரியத் தொடங்கிய வாரத்திலிருந்து ராவுத்தர் வண்டிதான் முன்வண்டி ஆனது. அடிவாரத்தில் ஜீப்புகள் அவருக்காகக் காத்து நின்றன. அவருக்கும் அது பிடித்திருந்தது. ஜீப்பில் அம்மா எல்லாரிடமும் "எம் மக மாட்டுன லைட்டு" என்று சொல்லிக்கொண்டு போனார். அந்த விளக்கு எங்கே மாட்டியது என்று கேட்டுக்கொண்டு பட்டறைக்கு ஆட்கள் வந்தார்கள். அதே விளக்கை, அதே இடத்தில், இன்னும் மூன்று வண்டிகளுக்கு மாட்டினேன். முதலாளி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, வருகிறவர்களிடம் "எங்க எலக்ட்ரீசியன்" என்று சொல்லத் தொடங்கினார்.

ஒரு நாள் காலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. மேலே ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால் பாறைத் துண்டு ஒன்று ரோட்டில் சரிந்து கிடந்திருக்கிறது. ராவுத்தர் பார்த்துவிட்டார், பிரேக் போட்டு நிறுத்திவிட்டார். அவருக்கு நேர் பின்னால் வந்தது பாண்டி அண்ணன் ஓட்டிய ஜீப். அதில்தான் அம்மாவும் இருந்தார். கார் நின்றுவிட்டது என்று பாண்டி அண்ணனுக்குத் தெரியும்போது நடுவில் ஓராள் படுக்கும் தூரம்தான் மிச்சம். அவர் ஸ்டீயரிங்கை மலைப்பக்கமாக ஒடித்துவிட்டார். ஜீப் ரோட்டோர ஓடைக்குள் இறங்கிச் சாய்ந்தது. பள்ளத்துப் பக்கம் ஒடித்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அம்மாவுக்கு முழங்காலில் தோல் உரிந்திருந்தது.

பாண்டி அண்ணன் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னார். முன்வண்டியில் பிரேக் லைட் எரியவில்லை என்று. யாரும் அதை நம்பவில்லை. முந்தின நாள் அவர் தங்கை மகளுக்குக் காதுகுத்து. அவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஜீப் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள், ஊருக்கே தெரிகிற லைட்டு உனக்கு மட்டும் தெரியவில்லையா என்று கேட்டுச் சிரித்தார்கள். அம்மாவும் "தூங்கிட்டுத்தான் ஓட்டிருக்கான்" என்று போகிற இடமெல்லாம் சொன்னார். மகள் மாட்டிய விளக்கில் குறை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பெண்கள் பாண்டி அண்ணன் ஜீப்பில் ஏற மறுத்தார்கள். ஜீப்பின் சொந்தக்காரர் சாவியை வாங்கிக்கொண்டார். பதினைந்து வருடம் மெட்டு ஏறிய மனிதர் திராட்சைப் பெட்டி ஏற்றுகிற கூலி வேலைக்குப் போனார்.

ஒரு மத்தியானம் அவர் எங்கள் பட்டறைக்கு வந்தார். சண்டை போட வரவில்லை.

"ஆத்தா, நீதான அந்த லைட்ட மாட்டுன?" என்று கேட்டார். "பிரேக்குக்குன்னு தனியா ஒரு செவப்பு எரியும்ல, அத எங்கன வச்ச?"

அந்தக் கேள்விக்குள் எல்லாமே இருந்தது. எனக்கு அது கேட்கவில்லை. என் வேலையில் குறை சொல்கிறார் என்பது மட்டும்தான் கேட்டது. அன்று ராவுத்தர் வண்டி ஆயில் மாற்ற வந்து வாசலில் நின்றிருந்தது. நான் ஏறி உட்கார்ந்து ஹெட்லைட்டைப் போட்டேன், ஃபாக் லைட்டைப் போட்டேன். அவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் குரல் கொடுத்து மூன்று முறை பிரேக்கை மிதித்தேன். கொளுத்துகிற வெயிலில், ஐந்தடி தூரத்தில், பிரேக் லைட் தனியாக, அழகாக எரிந்தது. பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

பாண்டி அண்ணன் குனிந்து பார்த்தார். "எரியுதுதான்" என்றார். தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன். அந்த ஜெயிப்பு அன்று சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. அவர் வாதாடியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கண் முன்னால் பார்த்ததை அவர் அப்படியே ஒத்துக்கொண்டுவிட்டார். பொய் சொல்கிறவர் அப்படி ஒத்துக்கொள்வாரா என்று யோசித்தேன். இரண்டு நாள் எந்த வண்டியில் கை வைத்தாலும் இரண்டு தடவை சரிபார்த்தேன், மறுபடி போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாள் அம்மாவோடு ஜீப்பில் ஏறிவிட்டேன். எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, சும்மா மலை பார்க்க என்றேன்.

அது வேறொரு டிரைவரின் ஜீப். முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ராவுத்தர் வண்டி எங்களுக்கு முன்னால் போனது. ஏழெட்டு வளைவுக்கு மேல் மஞ்சு கெட்டியாக இறங்கிவிட்டது. ரோடு இல்லை, பாறை இல்லை, கார்கூட இல்லை. இரண்டு சிவப்புப் பந்துகள் மட்டும் அந்தரத்தில் தொங்கின. நான் மாட்டியதுதான். நல்ல வெளிச்சம். அந்த வெளிச்சம் பனியில் படர்ந்து பக்கத்தில் இருந்த பிரேக் லைட்டையும் தனக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. பின் கண்ணாடிக்குள் உச்சியில் மூன்றாவதாக ஒரு பிரேக் லைட் உண்டு. மலேசியாவில் ஒட்டிய கறுப்பு ஃபிலிமுக்குப் பின்னால் அது இருக்கிற இடமே தெரியவில்லை.

ஒரு வளைவில் அந்தச் சிவப்புப் பந்துகள் பெரிதாகத் தொடங்கின. நிறம் மாறவில்லை, கூடுதலாக எதுவும் எரியவில்லை, பெரிதானது மட்டும்தான். பெரிதாகிறது என்றால் முன்வண்டி நிற்கிறது என்று அர்த்தம். அது என் மண்டைக்குள் ஏறுவதற்குள் பக்கத்திலிருந்த டிரைவர் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு பிரேக்கை அழுத்திவிட்டார். பாண்டி அண்ணன் ஜீப் சாய்ந்ததிலிருந்து அவர் கூடுதல் தூரம் விட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். அதனால் நின்றது.

அன்று திரும்பி வந்ததும் முதல் வேலையாக, விளக்கு வந்த அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்தேன். உள்ளே மடித்து வைத்த தாள் இருந்தது. ஒயரிங் படம் இருந்த பக்கத்தை நான் மனப்பாடமாகப் படித்திருந்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பவே இல்லை. பிரேக் லைட்டிலிருந்து நான்கு அங்குலமாவது தள்ளி வைக்க வேண்டும் என்று அங்கே பொடி எழுத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, சர்வீஸ் என்று சொல்லி வண்டியை வரவழை, ஓசைப்படாமல் கீழே இறக்கி வைத்துவிடு, இனிமேல் யாருக்கும் ஆபத்து இல்லை, பட்டறைக்கும் கெட்ட பெயர் இல்லை என்றார். எனக்கும் அதுதான் நல்ல வழி என்று பட்டது. வண்டி வந்தது. இடது பக்க விளக்கின் முதல் ஸ்க்ரூவைக் கழற்றினேன். இரண்டாவதில் கை நின்றுவிட்டது. இதைக் கழற்றிவிட்டால் இனி ஆபத்து இல்லை என்பது உண்மைதான். ஆனால் பாண்டி அண்ணன் சொன்னதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி இந்த இரண்டு விளக்குகளும் இவை இருக்கிற இடமும்தான். அதை என் கையாலேயே அழித்துக்கொண்டிருந்தேன்.

கழற்றிய ஸ்க்ரூவைத் திருப்பி முடுக்கினேன். வேலை இன்னும் முடியவில்லை, நாளை வரை மலை ஏற வேண்டாம் என்று, வண்டியைக் கொண்டுவந்த ஆளிடம் சொல்லி அனுப்பினேன். பிறகு ராவுத்தருக்கு ஃபோன் செய்தேன்.

அவர் வண்டியில் நான் செய்தது தப்பு, பிரேக் போடுவது மஞ்சில் தெரியவில்லை என்று சொன்னேன். காலையில் மெட்டில் பத்து நிமிடம் வண்டியைத் தர வேண்டும், மற்ற டிரைவர்களும் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

"தப்புன்னா பட்டறையில வச்சே கழத்த வேண்டியதுதான" என்றார். "ஊர் முன்னாடி எதுக்கும்மா?"

"கழத்திட்டா பாண்டியண்ணே சொன்னது பொய்யாவே இருந்துரும்யா."

"ஆறு மணிக்கு அடிவாரத்துக்கு வந்துரு. நாங் கடைசியா வர்றேன். ஜீப்பெல்லாம் முன்னாடி போகட்டும், எம் பின்னாடி யாரும் வர வேணாம்" என்றார்.

பாண்டி அண்ணனைத் திராட்சை ஷெட்டில் போய்ப் பார்த்தேன். தலையில் பெட்டியோடு நின்றார். "இன்னொருக்க வெயில்ல காட்டப் போறியாக்கும்" என்று கேட்டார். இல்லை, மஞ்சில் என்றேன். அவர் பெட்டியை ஏற்றப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மேலே ரோடு அகலமாகிற இடத்தில் காரை ஓரம் கட்டினோம். அடிவாரத்தில் சொல்லியிருந்தபடி ஜீப்புகள் அதற்கும் முன்னால் வரிசையாக ஒதுங்கி நின்றன. டிரைவர்கள் இறங்கி வந்தார்கள். ஜீப்பிலிருந்து பெண்களும் இறங்கிவிட்டார்கள், தூக்குவாளியும் தலையில் கட்டிய துணியுமாக. ஏதோ வேடிக்கை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடைசி ஜீப்பின் பின்படியில் தொற்றிக்கொண்டு பாண்டி அண்ணனும் வந்திருந்தார். எல்லாரையும் காருக்குப் பின்னால் முப்பது காலடி தள்ளி, மண் ஓரத்தில் நிற்கச் சொன்னேன். நான் பிரேக் மிதிக்கும்போது, தெரிகிறவர்கள் சத்தம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தேன். ஹெட்லைட்டைப் போட்டேன். ஃபாக் லைட்டைப் போட்டேன். பிரேக்கை மிதித்தேன். சத்தம் இல்லை. விட்டேன், மறுபடி மிதித்தேன். பின்னால் யாரோ ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. மூன்றாவது தடவை நன்றாக அழுத்திப் பத்து எண்ணும் வரை வைத்திருந்தேன். ராவுத்தர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பனிக்குள்ளிருந்து அம்மா நடந்து வந்து ஜன்னலில் தட்டினார்.

"மிதிக்கிறதுன்னா சட்டுன்னு மிதி ஆத்தா. கங்காணி வையப் போறாரு. எப்பத்தான் மிதிக்கப் போற?"

ராவுத்தர்தான் சொன்னார். "மூணு தடவ மிதிச்சிருச்சும்மா."

அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பிப் போனார். நான் ஃபாக் லைட்டை அணைத்துவிட்டு ஒரு தடவை பிரேக்கை மிதித்தேன். பின்னாலிருந்து முப்பது நாற்பது பேர் சேர்ந்து சத்தம் கொடுத்தார்கள். அப்புறம் சட்டென்று அடங்கிவிட்டது. தாங்கள் இவ்வளவு நாளும் எதற்குச் சிரித்தோம் என்று அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இறங்கிப் போனேன். தப்பு என் வேலையில்தான், பாண்டி அண்ணன் பார்த்ததைத்தான் சொன்னார் என்றேன். பெரிதாகப் பேசத் தெரியவில்லை. மணிக்கட்டு முறிந்த அக்காவின் மகள் கூட்டத்தில் நின்றாள். "எங்கம்மாவுக்கு இன்னும் கட்டுப் பிரிக்கல" என்று மட்டும் சொன்னாள். பாண்டி அண்ணன் காரின் அருகில் வந்து, இரண்டு விளக்குக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தார்.

ராவுத்தர், ரெண்டாக வைக்கச் சொன்னது நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பெரிய மனசு அது. ஆனால் நீங்கள் அந்த மாதிரிப் பேச்சில் சாய்ந்துகொள்ளக் கூடாது. எத்தனை என்று அவர் கேட்டார், எங்கே என்று முடிவு செய்தது நான். வண்டிக்காரர் ஆயிரம் கேட்பார். இடம் நம்முடைய பொறுப்பு.

ஃபாக் லைட்டின் ஃபியூஸை அங்கேயே உருவினேன். அந்த வாரத்துக்குள் பாண்டி அண்ணனுக்கு ஜீப் சாவி திரும்பக் கிடைத்தது. ஜீப்பின் சொந்தக்காரரிடம் ராவுத்தரே போய்ப் பேசியதாகக் கேள்விப்பட்டேன். விளக்கை இடம் மாற்றுகிற வேலையை அவர் என்னிடம் தரவில்லை, மதுரைக்குக் கொண்டுபோனார். அது அவர் உரிமை. பாண்டி அண்ணன் இப்போதும் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார். முதலாளி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் அம்மா, நீ படிச்ச படிப்புக்கு இதச் சொல்லாமயே இருந்திருக்கலாம் என்று ஒரு தடவை சொன்னார். இன்னொரு தடவை, சொன்னது நல்லதுதான் என்றார். இரண்டையும் ஒரே நாளில் சொன்னார்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இதுதான். பின்பக்கம் மாட்டுகிற எந்த விளக்கையும், வேலை தந்த ஆள் ஒருபோதும் பார்க்கப் போவதில்லை. அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்க்கப் போகிறவர் பின்னால் வருகிற, நமக்கு முகம் தெரியாத ஒருவர். பட்டறைக்கு வந்து வேலையைப் பாராட்டவும் மாட்டார், குறை சொல்லவும் மாட்டார். அவர் ஜீப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். வேலை முடிந்தது என்று சாவியைக் கொடுப்பதற்கு முன்னால், அவர் நிற்கிற இடத்தில், அவர் பார்க்கிற தூரத்தில், அவர் பார்க்கிற நேரத்தில் நீங்கள் ஒருமுறை போய் நில்லுங்கள். ஷெட்டில் பார்த்தது போதாது. யாராவது படிக்காத ஆள் வந்து உங்கள் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், பதிலை நிரூபிக்கும் முன்னால் கேள்வியை முழுதாகக் கேளுங்கள். எனக்கு அதற்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.

நான் அதே விளக்கை மாட்டிய இன்னும் மூன்று வண்டிகள் இருக்கின்றன. மலையிலிருந்து இறங்கிய அன்றே மூன்று பேருக்கும் ஃபோன் செய்தேன். இரண்டு பேர் மறுநாளே வந்தார்கள். கூலி வாங்காமல் இடம் மாற்றித் தந்தேன். மஞ்சு வரும் வரை காத்திருந்து, பின்னால் நின்று பார்த்த பிறகுதான் விட்டேன். மூன்றாவது, கேரளாவில் நெடுங்கண்டத்துப் பக்கம் தோட்டத்து ஆட்களை ஏற்றுகிற வேன். அதன் சொந்தக்காரர், லைட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஒருத்தரும் குறை சொல்லவில்லை, உனக்கு என்ன வந்தது என்றார். நான் விடாமல் கூப்பிட்டேன். வந்தால் கேட்டுக்குள் விட மாட்டேன் என்று சொல்லி என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். வேறு மாநிலத்தில் ஓடுகிற வண்டி, விட்டுத்தொலை, லீவு கிடையாது என்று முதலாளி நேற்றுச் சொன்னார்.

இந்தக் கடைசிப் பக்கத்தைப் பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டோம். மடியில் கருவிப் பை இருக்கிறது. அந்த வேனுக்குப் பின்னால் தினமும் வருகிற ஜீப்பின் டிரைவர் யார் என்று விசாரித்து, நேற்றே அவரிடம் பேசிவிட்டேன். பிரேக் போட்டால் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். பெரிதாகிறது என்றார். அவர் ஸ்டாண்டில் எனக்காக நிற்கிறார். முதலில் அவர் ஜீப்பில்தான் ஏறப்போகிறேன்.